திருத்தம்

சென்ற 'விளி' இதழில், மூன்றாம் பக்கம், கீழே,
நல்லமிளகு கிலோ அறுநூற்றுப் பத்து என்று வந்திருந்தது.
குலசேகரத்துக் கடையில் நமக்குத் தந்தது நானூற்று எழுபது.
அறுநூற்றுப் பத்து, அதே கடை
அதே காலையில் மற்றவர்களுக்குத் தந்தது.
பிழைக்கு வருந்துகிறோம்.
எங்கள் பிழைக்கு மட்டும்.

யானை பதினொன்று அல்ல, பத்து.
சோமன் காணி ஒரு கொம்பனைப்
போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை
எண்ணிவிட்டான்.
தின்றுபோன மரச்சீனிக்குப் பத்து போதாது என்று
இன்னும் வாதாடுகிறான்.
போய் எண்ணிப் பார்க்க விரும்புகிறவர்கள்
அவனிடமே டார்ச் வாங்கிக்கொள்ளலாம்.

'பட்டா' என்ற சொல்லில் புள்ளி விட்டுப்போயிற்று.
வாசித்தால் யாரோ நம்மைப் பார்த்து
'படுடா' என்பதுபோல் இருக்கிறதாம்.
தாலுகா ஆபீஸ் போய் வந்த மூன்று பேர்
அது பிழையில்லை, விட்டுவிடு என்கிறார்கள்.
புள்ளி வைத்துவிட்டேன்.

புதிதாய் வாசிப்பவர்கள் கேட்டதற்கு:
மூட்டுக்காணி கூட்டம் வைத்தால்
குடி குடியாய் நடந்து ஆளை விளிப்பவர் விளிகாணி.
அந்தப் பெயரில் முன்பாதியை எடுத்துக்கொண்டோம்.
பின்பாதி, வாசிக்கிற நீங்கள்.

இனி, இருபத்தொன்றாம் இதழ்.
இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.
மிளகையும் யானையையும் முன்னால் விட்டு
நான் பின்னால் ஒளிந்து வந்தேன்.

'வழி தெரியாமல் தாமதம்; வள்ளத்தில் குழந்தை இறப்பு.'

நாகர்கோவில் பத்திரிகையில் வந்த வரி.
அப்படியே பார்த்து எழுதினேன்.
அச்சில் இருக்கிறதென்றால்
அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று
என் கை நம்பியது.

செவ்வாய்க்கிழமை, பால் எடுத்து முடித்த கையோடு
சுகந்தி வந்தாள்.
விரலிடுக்கில் ஒட்டுப்பால் காய்ந்திருந்தது.
எட்டாக மடித்த இதழை விரித்தாள்.
அவளுக்கு வாசிக்கத் தெரியும் என்று
நாகர்கோவில்காரர் நினைத்திருக்கமாட்டார்.
நானும் நினைக்கவில்லை. இதுவும் திருத்தம்.

"வழி தெரியாதா," என்றாள், "எனக்கா?"

வேறொன்றும் கேட்கவில்லை.

ஆகவே:
வழி தெரியும்.
குடியிலிருந்து வள்ளக்கடவு வரை இருட்டில்,
வலி வரும்போது மரத்தைப் பிடித்து நின்று,
விட்டதும் நடந்து,
ஒன்றேகால் மணிக்கூர்.
ஒரு இடத்தில்கூடத் திரும்பி நடக்கவில்லை.
கடவில் வள்ளம் கிடந்தது.
அணையில் வெள்ளம் கிடந்தது.
துழையத் தெரிந்த நாலுபேர் நின்றார்கள்.
சங்கிலியில் பூட்டு.
சாவி அக்கரையில்,
ஒரு ஆபீசர் வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில்.
நீந்திப்போய்க் கதவைத் தட்டி எடுத்து வந்தவன் பெயர் மல்லன்.
ஆபீசர் பெயரும் தெரியும்.
அவரிடம் பதில் கேட்டிருக்கிறோம். வந்தாலும் வராவிட்டாலும்
அடுத்த இதழில்.

'குழந்தை' என்று மட்டும் போட்டிருந்தோம்.
பெண்குழந்தை.
பெயர் வைத்திருந்தீர்களா என்றேன்.
வைத்திருந்தோம், என்றாள்.
எழுதட்டுமா என்றேன்.
அது பத்திரிகைக்கு இல்லை, என்றாள்.

நான்காம் பக்கத்தில் கட்டம் கட்டி
ஒன்றும் எழுதாமல் விட்டிருப்பது அச்சுப்பிழை அல்ல.
ஜெராக்ஸ் கடைப் பையன்
அதில் ஒரு விளம்பரம் கொள்ளுமே அக்கா என்றான்.
கொள்ளாது என்றேன்.

நாகர்கோவிலுக்கும் ஒரு திருத்தம் அனுப்பினோம்.
தபால் ரசீது இருக்கிறது.

எப்போதும் நூற்று நாற்பது பிரதி.
இந்த முறை நூற்று நாற்பத்தொன்று.
மிச்சமான ஒன்று, மழையில் நனையாமல்
பால் கவருக்குள் போட்டு,
வள்ளக்கடவில்
பூட்டோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது.